டிகாக்ஷனுக்கு உகந்த தண்ணீர்: ஸ்பன்–கார்பன் வடிகட்டி, ஒரு மதிப்பீடு

சமையலறைக் குழாயுடன் இணைக்கும் 10 அங்குல இரட்டை வடிகட்டி ஒன்றை, கும்பகோணத்தில் உள்ள எங்கள் வீட்டில், டிகாக்ஷன் இறக்கும் தண்ணீருக்கென்றே பொருத்தி, ஓர் ஆண்டுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறோம். முதல் குடுவையில் மண்ணையும் துருவையும் தடுக்கும் ஸ்பன் ஃபில்டர், இரண்டாவது குடுவையில் வாடையை ஈர்க்கும் கரியை இறுக்கிச் செய்த கார்பன் பிளாக், கருவி இவ்வளவுதான். மின்சாரம் தேவையில்லை, கழிவுநீரும் கிடையாது. கொள்ளிடக் குடிநீர் வரும் வீடுகளில் காபியை மனத்தில் வைத்துப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான வடிகட்டி வேறில்லை என்பது என் முடிவு. ஆனால் கார்ட்ரிட்ஜை உரிய காலத்தில் மாற்ற மனமில்லாதவர்கள் இதை வாங்காமலிருப்பதே நல்லது.

கொள்ளிடத்தின் மணற்படுகையில் எடுக்கப்படும் தண்ணீர் இயல்பாகவே தெளிவானது. அது நெடுந்தூரம் குழாயில் வந்து மேல்நிலைத் தொட்டிகளில் தங்கி வீட்டுக்கு வர வேண்டியிருப்பதால் குளோரின் சேர்த்தே அனுப்புகிறார்கள். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 10500 என்னும் இந்தியக் குடிநீர்த் தரத்தின் விதி. ஆகவே தண்ணீரில் குளோரின் வாடை வீசுவதைக் குறை என்று சொல்ல மாட்டேன். வீட்டு வாசல் வரை அது நமக்குக் காவல். அடுப்படிக்கு வந்தபின் அதன் வேலை முடிந்துவிடுகிறது. கொதிக்க வைத்தால் போய்விடாதா என்று கேட்பார்கள். பெரும்பகுதி போய்விடும், இரவு முழுவதும் வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தாலும் குறையும். ஆயினும் தளதளவென்று கொதி வந்தவுடன் எடுத்துத் தூளின் மேல் ஊற்றுவதே நம் வீடுகளின் வழக்கம் என்பதால் சிறிது மிஞ்சுகிறது. தொட்டியிலும் குழாயிலும் ஏறும் மண்வாடையோ கொதியில் அவ்வளவு எளிதாகப் போவதில்லை. கார்பன் இவ்விரண்டையும் நன்றாகவே நீக்குகிறது. நல்ல பீபெர்ரியை வறுத்து அரைத்து வாங்கி வரும் வீட்டில், முதல் டிகாக்ஷனின் மணம் தூளுடையதாக மட்டுமே இருப்பது எவ்வளவு பெரிய நிறைவு என்பதை அதைக் குடித்தவர்கள் அறிவார்கள்.

கார்பன் செய்யாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், உப்பு ஆகிய கரைந்த பொருள்கள் எவற்றையும் அது தொடுவதில்லை. எங்கள் குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லும் கரைந்த பொருள்களின் அளவு, 300-ஐ ஒட்டி இருக்கிறது. வடிகட்டிய பின்னும் மீட்டர் அதையேதான் காட்டுகிறது. இதைப் பார்த்து வடிகட்டி வேலை செய்யவில்லை என்று எண்ணுவது தவறு, ஏனெனில் அந்த மீட்டர் கரைந்த உப்புகளின் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. குளோரின் வாடையை அது அறியாது. சவ்வின் வழியே உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவியை விற்க வீடு தேடி வரும் சிலர் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சி, அது பழுப்பாக மாறுவதைக் காட்டி அச்சமூட்டுகிறார்கள். அங்கே பழுப்பாவது தண்ணீரிலிருந்த அழுக்கன்று, இரும்புக் கம்பி கரைந்து உண்டாகும் துரு. உப்பு மிகக் குறைந்த ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் பாயாததால் கம்பி கரைவதில்லை, அவ்வளவே.

காபிக்கு முற்றிலும் உப்பு நீங்கிய தண்ணீர் ஏற்றதன்று. சிறப்புக் காபிச் சங்கம் என்னும் உலக அமைப்பு வகுத்த நெறி, காபி வடிக்கும் தண்ணீரின் டி.டி.எஸ். 150-ஐ ஒட்டி, 75 முதல் 250 வரை இருக்கலாம் என்றும், குளோரின் அறவே கூடாது என்றும் சொல்கிறது. எங்கள் தண்ணீர் மேல் எல்லையைச் சற்றுத் தாண்டுகிறது என்பதை மறைக்கவில்லை. எனினும் பாலும் சிக்கரியும் சேரும் நம் காபியில் அந்த வேறுபாடு நாவுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை, ஆர்.ஓ. தண்ணீரில் இறக்கிய டிகாக்ஷனோ நிறம் இருந்தும் திடமின்றி, பால் சேர்த்ததும் அடங்கிப்போகிறது. தூளிலுள்ள சாரத்தை இழுக்கக் கால்சியமும் மக்னீசியமும் ஓரளவு வேண்டும். ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவாக ஓடுகிறது. டி.டி.எஸ். 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் பணித்ததை இங்கே நினைவுகூரலாம். காவிரித் தண்ணீருக்காக ஆண்டுதோறும் மேட்டூரைப் பார்த்துக் காத்திருக்கும் ஊரில், அதே தண்ணீரைச் சாக்கடையில் விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அழுத்தம். மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு வரும் தண்ணீருக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டில் அது 0.3, 0.4 பார் என்ற அளவிலேயே நிற்கும். கடைக்காரர் துளை மிக நுண்ணிய 0.5 மைக்ரான் பிளாக்கை உயர்ந்தது என்று கொடுப்பார். இந்த அழுத்தத்தில் அது நூல்போல் வடியும். ஸ்பன், கார்பன் இரண்டுமே 5 அல்லது 10 மைக்ரான் போதும். தண்ணீர் மெதுவாகப் போவது கார்பனுக்கு நல்லதே. நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல் போகாதபடி குழாயைத் திருகி வைத்திருக்கிறோம். வடிகட்டியை மாடித் தொட்டிக்கு முன்னால் பொருத்தக் கூடாது. குளோரின் நீங்கிய தண்ணீரைத் தொட்டியில் தேக்கினால் கிருமிக்கும் பாசிக்கும் அதுவே இடமாகிவிடும்.

இதே காரணத்தால்தான் பராமரிப்பை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். கார்பன் பிளாக்கின் உட்பகுதி குளோரின் இல்லாத, ஈரமான, இருண்ட இடம். நாள்தோறும் தண்ணீர் ஓடும்வரை தொல்லையில்லை. மகாமகக் குளத்தருகே உள்ள உறவினர் வீட்டுத் திருமணம், ஊர்ப் பயணம் என்று சில நாள் அடுப்பு மூட்டாமலிருந்து திரும்பினால், முதலில் ஐந்து லிட்டராவது செடிக்கு விட்டுவிட்டுப் பிறகுதான் காபிக்குப் பிடிக்க வேண்டும். காலையில் முதல் செம்புத் தண்ணீரையும் நாங்கள் பாத்திரம் கழுவவே வைத்துக்கொள்கிறோம். காபித் தண்ணீர் எப்படியும் கொதிக்கிறது. நேராகக் குடிப்பதற்கு இந்த வடிகட்டி மட்டும் போதாது, கிருமியைக் கொல்லும் வேலை அதனுடையதன்று என்பதால் குடிநீரைத் தனியே காய்ச்சி ஆற வைக்கிறோம். வெந்நீரை இதன் வழியே விடவே கூடாது. பிடித்து வைத்த வாடையைக் கார்பன் திரும்ப விட்டுவிடும்.

ஸ்பன் ஃபில்டரைக் கண்ணால் பார்த்தே மாற்றலாம். வெள்ளை நிறம் போய்ப் பழுப்பேறி, தண்ணீரின் வேகம் குறைந்தால் அதன் காலம் முடிந்தது. தெருவில் குழாய் உடைந்து சரிசெய்த வாரங்களில் அது விரைவாகவே நிறம் மாறும். அதைக் கழுவித் திரும்பப் போடுவது வீண் வேலை, ஏனெனில் அடுக்குகளுக்குள் புகுந்த நுண்மண் வெளியே வருவதில்லை. கார்பன் பிளாக் அப்படியன்று: தீர்ந்துபோன பின்னும் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஆகவே ஊராட்சிகளில் தொட்டி இயக்குபவர்கள் குளோரின் பார்க்கப் பயன்படுத்தும் ஓ.டி. கரைசலை நாங்களும் வாங்கி வைத்திருக்கிறோம். வடிகட்டாத தண்ணீரில் சில துளி விட்டால் மஞ்சளாகும். வடிகட்டிய தண்ணீர் நிறமின்றி இருக்க வேண்டும். அதிலும் மஞ்சள் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டியதுதான். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், வாயில் படக் கூடாது. சோதனை எதுவும் காட்டாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு மேல் ஒரே பிளாக்கை வைத்திருப்பதில்லை.

மாற்றும்போது குடுவையின் உட்புறத்தைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, ஓ-ரிங்கைத் துடைத்துச் சிறிது சிலிகான் கிரீஸ் தடவிப் பள்ளத்தில் சரியாக அமர்த்த வேண்டும். சமையல் எண்ணெயோ வாசலினோ தடவினால் ரப்பர் ஊதிக் கசியத் தொடங்கும். கையால் இறுக்குவதே போதுமானது, ஸ்பேனர் திறப்பதற்குத்தான். புதிய பிளாக்கிலிருந்து முதலில் வரும் கருந்தூள் தெளியும்வரை, பத்து லிட்டர் அளவு வெளியே விட்டால் சரியாகிவிடும்.

கடலோரத்துக்கும் போர் தண்ணீர் வீடுகளுக்கும் இந்தக் கருவியைப் பரிந்துரைக்க மாட்டேன். நாகப்பட்டினத்தில் என் அக்கா வீட்டுப் போரில் உப்பு மிகுதி. அதற்குக் கார்பன் ஒன்றும் செய்யாது. அங்கே ஆர்.ஓ.தான் வழி, டி.டி.எஸ். அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள கருவியை வாங்கி, 100-க்கும் 150-க்கும் இடையே வைத்துக்கொண்டால் டிகாக்ஷன் திடமாகவே இறங்குகிறது. உப்பில்லாமல் கடினத்தன்மை மட்டும் மிகுந்த போர் என்றால், நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை இறுத்து மீண்டும் காய்ச்சினாலே பெரும்பயன் கிடைக்கும். கடினநீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் தண்ணீரைக் காபிக்கு எடுக்க வேண்டாம். கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியம் ஏறிய அந்த நீரில் தூள் ஊறி அடைத்துக்கொண்டு, டிகாக்ஷன் இறங்க மிகவும் தாமதமாகும்.

குடுவை வாங்குகிறவர்கள் முதல் நிலைக்குக் கண்ணாடிபோல் தெரிவதையும், கார்பனுக்கு ஒளி புகாததையும் கேட்டு வாங்கலாம். ஜன்னல் வெயில் படும் இடத்தில் தெளிந்த குடுவையில் பாசி பிடிக்கிறது. கூடவே ஓ-ரிங் இரண்டை உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.