லபீய்-கியாரை வீட்டிலிருந்தே பார்க்க: மெட் அருங்காட்சியகத்தின் இலவசப் படச் சேவை

பிரெஞ்சு ஓவியர் அதெலாயித் லபீய்-கியாரின் (1749–1803) வாழ்க்கை மொத்தமும் அடங்கிய ஓவியம் ஒன்று உண்டு: இரண்டு மாணவிகளோடு அவர் தன்னையே வரைந்த 1785-ஆம் ஆண்டுப் படம். அதை வைத்திருக்கும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், 2017 முதல் இப்படிப்பட்ட பழைய படைப்புகளின் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அச்சடித்து விற்கவும் அனுமதி கேட்க வேண்டாம்.

பிரெஞ்சுப் பெயரை எழுத்துப் பிசகாமல் அடிப்பது சிரமம். இந்த ஓவியத்தின் 53.225.5 என்ற பதிவு எண்ணை மெட் தளத்தின் தேடல் பெட்டியில் போடுங்கள். தேடல் பட்டியலில் வரும் சிறு படத்தையே சேமித்தால், பெரிதாக்கும்போது கட்டம் கட்டமாக உடையும். ஓவியத்தின் தனிப் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள பதிவிறக்கக் குறியை அழுத்துங்கள்.

இனி நிதானமாகப் பெரிதாக்குங்கள். பின்னால் நிழலில் தெரியும் மார்பளவுச் சிலை அவருடைய அப்பா. பாரிஸில் நாகரிக உடைக்கடை வைத்திருந்தவர். நீல சாட்டின் பாவாடையின் மடிப்பும் கழுத்து லேஸும் துணியைப் பார்த்தே வளர்ந்த கண்ணைக் காட்டுகின்றன. லபீய்-கியார் முதலில் பிரான்சுவா-எலி வேன்சான் என்ற ஓவியரிடம் நுண்ணோவியம் (மிகச் சிறிய அளவில் வரையும் படம்) கற்றார், பிறகு ஓவியர் லா தூரிடம் பாஸ்டல் எனும் வண்ணக்கட்டி ஓவியம், கடைசியில் வேன்சானின் மகனிடம் எண்ணெய் வண்ணம். நுண்ணோவியத்தில் பழகிய கை அந்த லேஸ் ஓரத்தில் நன்றாகத் தெரிகிறது.

மாணவிகள் இருவரும் வெறும் அலங்காரம் அல்ல; பெண்களுக்கும் ஓவியத்தில் இடம் வேண்டும் என்ற வாதமாகவும் அவர்களைப் பார்க்கலாம். 1783-இல் விஜே லெ ப்ரன் என்ற இன்னொரு பெண் ஓவியரும் இவரும் ஒரே நாளில் பிரான்சின் அரச ஓவிய அகாதெமியில் சேர்ந்தபோது, பெண்களுக்கு நான்கே இடம் என்ற வரம்பு இருந்தது. 1790-இல் அதை எதிர்த்து லபீய்-கியார் அகாதெமியிலேயே வாதாடினார்.

ஒரு குறை, அளவு. அசல் 210.8 × 151.1 செ.மீ.; ஏறக்குறைய ஆளுயர உருவங்கள். அந்தப் பிரமாண்டம் திரையில் வராது. அச்சிடுவதானால் ஏ4, ஏ3 தாள்களுக்கு விகிதம் கிட்டத்தட்டப் பொருந்தும். விளிம்பில்லாமல் ஏ4-இல் அடித்தால் இடப்புறமும் வலப்புறமும் ஒன்றரை மி.மீ. மட்டுமே வெட்டுப்படும். பளபளப்பில்லாத மேட் தாள்தான் நல்லது. பளபளப்புத் தாளில் வெளிச்சம் பட்டு இருண்ட பின்புலம் மறைந்துவிடும். அச்சுக்கடையில் தானியங்கி வண்ணத் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையேல் சாட்டினின் மென்மையான நீலம் பளீரென்று மாறும்.

அவருடைய பாஸ்டல் வேலைகளுக்குப் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் தளத்துக்குப் போக வேண்டும். சிற்பி பஜூவை வரைந்த 1783-ஆம் ஆண்டுப் படம் அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே வணிகப் பயன்பாட்டுக்குத் தனி விதிமுறை; படித்துவிட்டு எடுங்கள்.