வெள்ளவத்தையில் வாங்கிய ஆங்கில நெட்டுயிர் அட்டைகள்: ஒரு மதிப்பீடு

ஆறு முதல் எட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு ஆங்கில நெட்டுயிர் ஒலிகளைக் கற்பிப்பதற்கென விற்கப்படும் ஓர் அட்டைப் பெட்டியை, தரம் 3இல் தமிழ்மொழி மூலம் பயிலும் மகளுக்காக வெள்ளவத்தை காலி வீதியிலுள்ள ஒரு புத்தகக் கடையில் வாங்கினேன். விலை 2,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. நம் நாட்டில் ஆங்கிலம் முறையான பாடமாகத் தொடங்குவது தரம் 3இல்தான் என்பதால், எழுத்துகளின் பெயர்களை அறிந்திருந்தும் சொற்களை வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது உரிய வேளையில் கிடைக்கும் சாதனமே.

பெட்டியின் சிறப்பெல்லாம் மடிப்பு அட்டைகளில் இருக்கிறது. ஓர் அட்டையில் சி, ஏ, பி என்னும் மூன்று எழுத்துகளும் ஒரு தொப்பியின் படமும் உள்ளன. வலது ஓரத்தில் மடிந்திருக்கும் துண்டை விரித்தால் ஈ என்னும் எழுத்து வந்து சேர்ந்துகொள்ள, தொப்பி மறைந்து தோளில் தொங்கும் மேலங்கி தோன்றுகிறது. இறுதியில் வரும் ஈ தான் ஒலிக்காமல், முன்னுள்ள உயிரெழுத்தை அதன் பெயராலேயே ஒலிக்கச் செய்கிறது என்பதை, எவரும் விளக்காமலே பிள்ளையின் விரல்கள் கண்டுகொள்கின்றன. 'பின்' 'பைன்' ஆவதையும் 'ஹொப்' 'ஹோப்' ஆவதையும் மகள் மடித்து விரித்து, தானாகவே உரக்கச் சொல்லிப் பார்க்கிறாள்.

இவ்வளவு நன்றாக அமைந்ததை, சொற்களின் கீழே அச்சிட்டிருக்கும் தமிழ் உச்சரிப்பு கெடுத்துவிடுகிறது. தொப்பிக்கும் 'கேப்', மேலங்கிக்கும் 'கேப்'. மனிதனுக்கும் 'மேன்', குதிரையின் பிடரி மயிருக்கும் 'மேன்'. எந்த வேறுபாட்டைக் காட்டுவதற்காக அட்டை மடிக்கப்பட்டதோ அதுவே தமிழ் வரியில் காணாமற்போகிறது. (நாம் 'கெப்' என்று எழுதுவதும் முழுச் சரியன்று, ஆனாலும் இரண்டையும் பிரித்தாவது காட்டும்.) பிள்ளையின் கண்ணோ தெரிந்த எழுத்தைத்தான் முதலில் நாடும்.

பெற்றோருக்கான குறிப்புத்தாள், குறிலை இரு மாத்திரைக்கு நீட்டினால் நெடில் என்ற நம் இலக்கணத்தை ஆங்கிலத்துக்கும் பொருத்துகிறது. இடைக்கால ஆங்கிலத்துக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கும். அன்று 'நேம்' என்னும் சொல் ஏறத்தாழ 'நாம' என, இறுதி எழுத்தும் சேர்ந்தே ஒலித்தது. ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் நெட்டுயிர்களின் ஒலி பெரிதும் மாறியது, எழுத்துமுறையோ பெரும்பாலும் பழையபடியே நின்றுவிட்டது. ஆகையால் 'பின்'னில் உள்ள இகரத்தை எவ்வளவு நீட்டினாலும் 'பீன்' வருமேயன்றிப் 'பைன்' வராது.

விதிவிலக்குகளுக்கு ஓர் அட்டைகூட இல்லாதது அடுத்த குறை. 'ஹேவ்', 'கிவ்', 'லவ்' ஆகியவை பாடப்புத்தகத்தில் எளிதில் எதிர்ப்படும் சொற்கள். விதியை நம்பிய பிள்ளை இரண்டாவதை 'கைவ்' என்றுதான் வாசிக்கும். ஆங்கிலச் சொற்கள் வழக்கமாக வீ எழுத்தில் முடிவதில்லை, அதனாலேயே அங்கு ஈ சேர்க்கப்படுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். யூ எழுத்து 'கியூப்' என்பதில் ஒருவிதமாகவும் 'ரூல்' என்பதில் வேறுவிதமாகவும் ஒலிப்பதைப் பற்றியும் பேச்சில்லை.

அட்டைகள் தடிப்பானவை, மடிப்புகள் இன்னும் கிழியவில்லை. வாங்குவோர் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன் தமிழ் வரிகளைக் கறுப்பு மாக்கரால் மறைத்துவிட்டு, சொற்களைத் தாமே வாசித்துக் காட்டுவது நல்லது. ஆங்கிலத்தை வாசித்துக்காட்ட ஒருவரும் இல்லாத வீட்டுக்கு இப்பெட்டியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.