சோலைக்குள் போகும் மாணவிகளுக்கு எந்த லென்ஸ்? பத்து எக்ஸ் டிரிப்லெட் பற்றி

தாவரவியல் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கோத்தகிரி லாங்வுட் சோலைக்குக் கூட்டிப்போவதற்காக, ஆளுக்கொன்று வாங்கிய மடக்கு லென்ஸ் இது. பத்து எக்ஸ், அதாவது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும்; டிரிப்லெட், அதாவது மூன்று கண்ணாடி சேர்த்து ஒட்டியது; கண்ணாடியின் குறுக்களவு 21 மி.மீ. கோயம்புத்தூரில் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையொன்றில் ஒன்று 450 ரூபாய்க்குக் கிடைத்தது. "கல்லுப் பாக்கறதுக்குங்களா டீச்சர்?" என்றார் கடைக்காரர். "இலை பாக்கறதுக்குங்கண்ணா" என்றதும், உள்ளே போய் இன்னும் இரண்டு ரகம் எடுத்துவந்து வைத்தார்.

லென்ஸுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? லாங்வுட் சோலை, நீலகிரி மலையில் உள்ள காப்புக்காடு. 116 ஹெக்டேர்தான். 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அனுமதி வாங்கித்தான் உள்ளே போகிறோம், ஒரு தழையைக்கூடப் பறிப்பதில்லை. முன்பெல்லாம் கல்லூரிச் சுற்றுலா என்றால் கொத்துக் கொத்தாக ஒடித்து, செய்தித்தாளில் அழுத்தி, காய்ந்ததைத் தாளில் ஒட்டி ஹெர்பேரியம் ஷீட் ஆக்கி மார்க் வாங்குவது. இத்துணூண்டு காட்டில் வருஷா வருஷம் பல கல்லூரிகள் அப்படிச் செய்தால் ஓரத்துச் செடிகள் மிஞ்சாது. கிளையிலேயே இலை இருக்கட்டும், கண்ணை அதனிடம் கொண்டுபோவோம் என்றால் அதற்கு நல்ல லென்ஸ் வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் சலித்துப்போய் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

ஆன்லைனில் "30 எக்ஸ்", "40 எக்ஸ்", எல்.இ.டி. விளக்கோடு என்று பாதி விலைக்கு விற்கிறார்கள். ஒன்று வாங்கிச் சோதித்தேன். ஸ்கேல் வைத்து அளந்தால், இலை தெளியும் தூரம் ஏறக்குறைய 25 மி.மீ. அந்தத் தூரம் பத்து எக்ஸுக்கு உரியது. உண்மையான முப்பது எக்ஸ் என்றால் 8 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்தால்தான் தெளியும். மேலே பொறித்த எண்ணை நம்பாதீர்கள். ஓரமெல்லாம் வளைந்து, கறுப்பு எழுத்தைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக வண்ணக் கசிவு வேறு. டிரிப்லெட்டில் மூன்று கண்ணாடி ஒட்டியிருப்பதால் அந்தக் கசிவு அநேகமாக இல்லை. கடைக்குப் போகும்போது ஒரு கிராஃப் தாளைக் கொண்டுபோங்கள். கட்டங்களின் கோடு ஓரம் வரை நேராகத் தெரிந்தால் வாங்கலாம். நிஜ முப்பது எக்ஸ் கிடைத்தாலும் காட்டுக்கு வேண்டாம். காற்றில் ஆடும் இலையை 8 மி.மீ.யில் பிடித்து நிறுத்த முடியாது, தெரியும் வட்டமும் மிகச் சிறிது.

பிடிக்கும் முறையைப் புறப்படும் முன்பே வகுப்பில் பழக்கிவிட வேண்டும். லென்ஸ் கண்ணை ஒட்டி இருக்க வேண்டும், இலைதான் நகர வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கழற்ற வேண்டியதில்லை. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பிறகு அவர்களைக் காட்டிலிருந்து கிளப்புவதுதான் சிரமம்.

அன்றைக்கு அவர்கள் பார்த்தவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாவல் இனத்து இலையை வானத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரிகின்றன, விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பும் துல்லியம். மிளகரணைக் கொடியிலும் அதே புள்ளிகள். ஆனால் நாவல் மிர்ட்டேசியே என்ற தாவரக் குடும்பம், மிளகரணை ரூட்டேசியே. "அப்போ புள்ளிய மட்டும் வெச்சு குடும்பம் சொல்லக்கூடாதுங்களா மேம்?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே 450 ரூபாய் தகும். சோலை ஓரத்துத் தவிட்டுப்பழச் செடியின் இலை அடிப்பக்கம் ஏன் வெளுத்திருக்கிறது என்று நான் விளக்கத் தேவையே வரவில்லை, ரோமம் அடர்ந்திருப்பதை அவர்களே கண்டார்கள். பெரணி இலையின் அடிப்பக்கத்தில் பழுப்புத் திட்டு திட்டாக இருப்பது வித்துத்தூள் (ஸ்போர்) பைகளின் கூட்டம் என்பதும், மாஸ் என்ற பாசிச் செடியின் மூடி கழன்ற வித்துப்பை வாயில் வரிசையாகப் பற்கள் இருப்பதும் புத்தகப் படமாக இருந்தவை. அன்று கண்ணுக்கு முன் இருந்தன.

தங்கிய வீட்டுத் தோட்டத்தில் காபிச் செடி இருந்தது. இலையின் அடியில், நடுநரம்பிலிருந்து பக்க நரம்பு பிரியும் மூலையில் சின்னக் குழி. அதற்குள் சிற்றுண்ணி நடமாடுவதைப் பார்த்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டும் யாரும் வரவில்லை.

ஓர் எச்சரிக்கை. இலையை முகத்துக்கு அருகே கொண்டுவரும் வேலை இது. சோலைப் பாதையோரம் ஜிரார்டினியா என்ற அரிப்புச் செடி நிற்கும், அதன் முள்ரோமம் பட்டால் தீயாய் எரியும். கூட வந்த வாட்சர் அண்ணன் முதலிலேயே காட்டிவிட்டார். அவர் காட்டும் வரை எதையும் கண்ணருகே கொண்டுபோக விடாதீர்கள்.

குறைகளும் உண்டு. மடக்கும் இடத்துத் திருகு சீக்கிரம் லூசாகிறது. நகைக்கடை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று பையில் இருக்கட்டும். கூடவே தரும் தோல் உறை மலை ஈரத்தில் நாறிவிடுகிறது. தூக்கிப்போட்டுவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சின்ன டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். மஞ்சு இறங்கினால் லென்ஸில் நீராவி படியும். உள்ளங்கையில் பொத்திக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், துப்பட்டாவால் தேய்த்தால் கீறல் விழும். ஸ்பிரிட்டில் ஊறப்போடக் கூடாது, கண்ணாடிகளை ஒட்டிய பசை கெட்டுப்போகும். இதில் விளக்கு இல்லை. சோலைக்குள் பகலிலேயே இருட்டு என்பதால், இருவருக்கு ஒரு சிறு டார்ச் கொடுத்தேன். அது எல்.இ.டி. லென்ஸைவிட நன்றாகவே உதவியது, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் ரோமங்கள் தனித்தனியாக எழுந்து தெரிகின்றன.

கயிறு கட்டாயம். கறுப்பு நிறச் சட்டம் சருகில் விழுந்தால் தேடிக் கிடைக்காது. சிவப்பு ஷூ லேஸில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டோம். வகுப்புக்கே மொத்தமாக வாங்கினால் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள், கல்லூரிப் பெயரில் பில்லும் போட்டுத் தருவார்கள். பணம் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் கிராஃப் தாளில் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு வந்தவற்றில் இரண்டில் கண்ணாடிக்குள் தூசி இருந்தது, அங்கேயே மாற்றிக் கொடுத்தார்கள்.