29 ஃபிரேமில் 27.5 பின்சக்கரம்: 14 மாதம் ஓட்டிய பிறகு

என் மலைச் சைக்கிள் முன்னும் பின்னும் 29 இஞ்ச் சக்கரங்களோடு வந்தது. எனக்கு உயரம் குறைவு. செங்குத்தான இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளினால் டயர் வந்து என் பின்பக்கத்தில் உரசும். இரண்டு முறை அப்படி உரசிய பிறகு இறக்கத்தில் உடம்பு தானாகவே முன்னால் வந்து நின்றுகொண்டது, அதுதான் ஆபத்து. அதனால் பின்சக்கரத்தை மட்டும் 27.5 ஆக மாற்றினேன். மல்லெட் என்று சொல்வார்களே, அந்த அமைப்பு. 2019-ல் யுசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) தன் போட்டிகளில் இதை அனுமதித்த பிறகு டவுன்ஹில் (இறக்கப் பந்தய) வீரர்கள் பலர் இதற்கு மாறினார்கள்.

டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 29-க்கு 622 மி.மீ., 27.5-க்கு 584 மி.மீ. வித்தியாசம் 38. அதில் பாதி, அதாவது 19 மி.மீ., பின்சக்கரத்தின் அச்சு (ஆக்சில்) கீழே இறங்குகிறது. டிஸ்க் பிரேக் என்பதால் ரிம் அளவு மாறியது பிரேக்கைப் பாதிக்கவில்லை. சக்கரத்தை மாட்டுவது அவ்வளவு சுலபம். ஆனால் மாறுவது சக்கரம் மட்டும் இல்லை, ஃபிரேமே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. இதை நான் ஓட்டித்தான் புரிந்துகொண்டேன்.

மாற்றுவதற்கு முன் பெடல்கள் சுழலும் அச்சான பாட்டம் பிராக்கெட் தரையிலிருந்து 345 மி.மீ. உயரத்தில் இருந்தது. மாற்றியபின் 333. ஹெட் ஆங்கிள், அதாவது முன் ஃபோர்க்கின் சாய்வு, கிட்டத்தட்ட ஒரு டிகிரி படுத்தது. இறக்கத்தில் அது சுகம்தான், சைக்கிள் தரையோடு ஒட்டி ஓடியது. ஏற்றத்தில்தான் கஷ்டப்பட்டேன். கல் நிறைந்த பாதையில் பெடல் கல்லில் இடித்துக்கொண்டே இருந்தது. முதல் மாதத்தில் ஒருமுறை பெடல் கல்லில் மாட்டி நான் பக்கவாட்டில் விழுந்தேன். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

பெடலைத் தாங்கும் 175 மி.மீ. கிராங்கைக் கழற்றி 165 போட்டேன். ஷாக் (பின்பக்க அதிர்வைத் தாங்கும் பாகம்) மாட்டும் இடத்தில் இருக்கும் ஃபிளிப் சிப்பை, அதாவது திருப்பிப் போட்டால் ஃபிரேமின் உயரம் மாறும் சின்னத் துண்டை, உயர நிலைக்குத் திருப்பினேன், அதில் 6 மி.மீ. திரும்பக் கிடைத்தது. இப்போது பெடல் கீழே இருக்கும்போது தரைக்கும் அதற்கும் 174 மி.மீ. இடைவெளி. பழைய அமைப்பில் 170 தான். இந்த இரண்டையும் சக்கரம் மாற்றிய அன்றே செய்திருக்க வேண்டும்.

சீட் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஃபிரேம் சாயும்போது சீட்டும் சுமார் 1 செ.மீ. பின்னால் போகிறது, மூக்கும் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறது. ஏற்றத்தில் முன்சக்கரம் அலைவதற்குப் பாதிக் காரணம் அதுதான். சீட்டை அதே அளவு முன்னால் தள்ளி, மூக்கை இறக்கி, ஹேண்டில்பாருக்குக் கீழே இருந்த ஒரு ஸ்பேசர் வளையத்தை எடுத்ததும் சரியாகிவிட்டது.

பலன் என்ன? குறுகலான வளைவுகளில் சைக்கிள் சட்டென்று திரும்புகிறது. பின்பக்க உரசல் அடியோடு நின்றது. இறக்கத்தில் இழந்த தைரியம் திரும்பி வந்தது, எனக்கு அதுவே போதும். கியர் ஏறக்குறைய 5 சதவீதம் இலேசானதால் ஏற்றத்தில் மூச்சு வாங்குவதும் குறைந்தது. ஸ்பீடோமீட்டர் சென்சார் பின்சக்கரத்தில் இருந்தால் சுற்றளவைத் திருத்திவிடுங்கள், இல்லையென்றால் வேகத்தைக் கூட்டிக் காட்டும். குறை என்றால், வேர்கள் வரிசையாக வரும் இடங்களில் 29 உருண்டு போன மாதிரி இது போகாது, பின்னால் தட்டித் தட்டி வேகம் குறையும். சமவெளியில் நீண்ட தூரம் போகும்போதும் 29 நினைவுக்கு வரும்.

ஒரு எச்சரிக்கை. 27.5 ஃபிரேமில் 29 போடுவது வேறு விஷயம். சும்மா நிறுத்தியிருக்கும்போது இடம் இருப்பது போலத்தான் தெரியும். ஷாக்கில் காற்றை முழுக்க எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கடைசி வரை மேலே தள்ளிப் பாருங்கள். டயர் சீட்டைத் தாங்கும் குழாயைத் (சீட் டியூப்) தொட்டால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஓடும்போது சக்கரம் அங்கே மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

பழைய 29 பின்சக்கரத்தை நான் விற்கவில்லை. புதிய சக்கரத்துக்கும் அதே ஹப்பை (சக்கரத்தின் நடுப்பாகம்) வாங்கினேன். டிஸ்க் ஒரே இடத்தில் வந்து நிற்பதால் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைத் தொட வேண்டியதில்லை. நீண்ட பயணம் என்றால் முந்தின இரவே 29-ஐ மாட்டி, ஃபிளிப் சிப்பைக் கீழ் நிலைக்குத் திருப்பி, சீட்டையும் பழைய குறிக்கு நகர்த்திவிடுவேன். கால் மணி நேர வேலை.