பாப்பா, ஐமேப்பா? தண்டர்பேர்டோடு பத்து வருஷம்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு, இவ்வளவுதான். இப்போது எல்லாரும் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். ஆனால் அதில் படமாக வரும் லோகோ நசுங்கித்தான் வரும், அச்சுக்கு உதவாது. "மெயில்ல போட்டுருங்க" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை மெயில் திறந்தே கிடக்கும். 2014-லிருந்து அதற்கு மொசில்லாவின் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள்தான். இலவசம். பிரவுசரில் பத்து டேப் திறந்து தேடுகிற வேலை இல்லை.

முதலில் அதைப் போட்டுக் கொடுத்தது கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்த ஒரு தம்பி. பெயர், மெயில் முகவரி, பாஸ்வேர்ட் மூன்றையும் அடித்ததும் ஜிமெயிலுக்கு வேண்டியதை அதுவே கண்டுபிடித்துவிட்டது. அப்போது இரண்டு வட்டங்களைக் காட்டி, மெயிலை எந்த முறையில் எடுக்க என்று ஒரு கேள்வி கேட்டது.

"அண்ணாச்சி, பாப்ல போடவா, ஐமேப்ல போடவா?"

"எது நல்லதோ அதைப் போடுடே."

அவன் பாப் போட்டான். மெயில் இறங்கியதும் சர்வரில், அதாவது கூகுளின் கம்ப்யூட்டரில், இருக்கும் நகலை அழித்துவிடும்படி ஜிமெயில் செட்டிங்கிலும் மாற்றினான், இடம் அடைக்கக் கூடாதாம். எங்கள் தொழில் கணக்கில் சொன்னால், இப்படிப் போட்ட பாப் என்பது மூலப்பிரதியையே வாங்கிவந்து நம் பீரோவில் பூட்டுவது. ஐமேப்பில் மூலப்பிரதி சர்வரிலேயே இருக்கும், நம் கம்ப்யூட்டரில் இருப்பது நகல். இது எனக்கு விளங்க ஒன்பது வருஷமும் ஒரு வெள்ளமும் ஆனது.

இடையில் குறை ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு கட்டத்தில் இன்பாக்ஸ் திறக்கவே மூச்சு வாங்கியது. மெயிலை அழித்தால் இடம் காலியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒரு ஃபோல்டரில் உள்ள மெயில் முழுவதும் ஒரே ஃபைலாகத்தான் உள்ளே கிடக்குமாம், அழித்தது கண்ணுக்கு மறையுமே தவிர, 'காம்பாக்ட்' கொடுக்கும்வரை அந்த இடம் திரும்பாது. பிறகு மாதம் ஒருமுறை கொடுத்து வருகிறேன்.

2022 மே 30-லிருந்து, வெறும் பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே வரும் மென்பொருள்களைக் கூகுள் அனுமதிப்பதில்லை. எனக்கு அது தெரியாது. பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று நினைத்து அரை நாள் அதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன், கல்யாண சீசனில். மருமகன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, பாஸ்வேர்டுல ஒண்ணும் இல்ல, முறைதான் மாறிருக்கு" என்றான். ஓஆத்2 (OAuth2) என்ற லாகின் முறையைத் தேர்ந்தால் தண்டர்பேர்டுக்குள்ளேயே கூகுளின் லாகின் ஜன்னல் திறக்கும், அங்கே போய் ஒப்புதல் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த ஜன்னல் நகரவே இல்லை. தண்டர்பேர்டின் குக்கீகளை (இணையதளங்கள் நம் கம்ப்யூட்டரில் வைக்கும் சின்னக் குறிப்புகளை) நானே எப்போதோ அணைத்து வைத்திருந்திருக்கிறேன். அதை இயக்கியதும் சரியானது.

கையோடு என் கணக்கை அவன் ஐமேப்பாகப் புதிதாகப் போட்டான். "பழைய மெயிலையும் இழுத்து இதுக்குள்ள போட்டுருவோம் மாமா, சர்வருக்கு ஏறிரும்." சீசன் முடியட்டும்டே என்றேன். சீசன் முடிந்தது, இன்னொரு சீசன் வந்தது, நான் இழுக்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தாமிரபரணி கடைக்குள் வந்தது. தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது தாள் கட்டெல்லாம் ஊறிச் சோறாகிக் கிடந்தது. சிபியு தரையில் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் காயவைத்து மதுரை வரை கொண்டுபோய்ப் பார்த்தோம், தேறவில்லை. பேக்கப் இல்லையா என்று கேட்காதீர்கள், இருந்தது, அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில்.

தை பிறந்ததும் ஒரு லேப்டாப் வாங்கி தண்டர்பேர்டைப் போட்டேன். இந்த முறை நானே. ஜிமெயில் ஐந்து நிமிஷத்தில் உள்ளே வந்து, 2022-லிருந்து உள்ளதெல்லாம் மளமளவென்று இறங்கியது. அதற்கு முந்தைய எட்டு வருஷம் இல்லை.

கடைப் பெயரில் வாங்கிய டொமைன் மெயில்தான் படுத்தியது. விற்ற கம்பெனியின் பெயர் வேண்டாம். அவர்கள் கொடுத்த தாளில் யூசர் நேம் என்று '@'-க்கு முன்னால் உள்ள பாதியை மட்டும் போட்டிருந்தார்கள். முழு முகவரியையும் அடித்த பிறகுதான் உள்ளே விட்டது. அப்புறம் மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது. போகும் சர்வருக்கு 25 என்ற போர்ட்டை, அதாவது வாசல் எண்ணை, கொடுத்திருந்தார்கள். பல இன்டர்நெட் இணைப்புகளில் அதை அடைத்தே வைத்திருப்பார்கள். கையால் அமைக்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்: வருவதற்கு ஐமேப், போர்ட் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும் முறை). போவதற்கு 465, அதே எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அல்லது 587, ஸ்டார்ட்டிஎல்எஸ் (அதுவும் பூட்டும் முறைதான்). நான் 587-க்கு மாற்றியதும் போனது.

ஐமேப்புக்கும் ஒரு கிறுக்கு உண்டு. கடைப் பையன் போனில் ஒரு மெயிலை அழித்தால் லேப்டாப்பிலும் காணாமல் போகும். ஒருநாள் ஒரு ஸ்கூல் ஆர்டரையே அப்படி அழித்துவிட்டான், நல்லவேளை ட்ராஷில் கிடந்தது. இன்னொன்று, ஜிமெயிலில் 25 எம்பி வரை அனுப்பலாம் என்றாலும், மெயிலோடு சேர்க்கும் ஃபைல் போகும்போது மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். 20 எம்பி கோரல் டிசைன் ஃபைல் போகாது. 18-க்குள் வைத்தால் நிம்மதி.

2023-ல் வந்த தண்டர்பேர்டின் 115-ஆம் பதிப்பில் முகத்தையே மாற்றிவிட்டார்கள். எனக்கு வரிசை வரிசையாக இருந்த பழைய டேபிள்தான் கண்ணுக்குப் பழக்கம், அதற்கே மாற்றி வைத்திருக்கிறேன்.

போன ஆவணியில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். 2017-ல் மூத்த மகளுக்கு நாங்கள் அடித்த பத்திரிகை அப்படியே இளையவளுக்கும் வேண்டுமாம். "உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்லா அண்ணாச்சி?"

வெள்ளத்தோடு போன கதையைச் சொன்னேன். அவர் பெங்களூரில் இருக்கும் மூத்த மகளைப் போனில் பிடித்தார். அந்தப் பெண் தன் மெயிலில் எங்கள் கடைப் பெயரைத் தேடி, நான் 2017-ல் அனுப்பிய பிடிஎஃப்பைப் பத்து நிமிஷத்தில் எனக்கே திருப்பி அனுப்பியது. திறந்து பார்த்தேன். முதல் புரூஃப். மாப்பிள்ளை ஊரான வீரவநல்லூரை 'வீரவல்லூர்' என்று அடித்திருந்தோம்.