தேனருவிக்கு ‘ஸ்பெஷல் பர்மிஷன்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்: எங்கள் 16,500 ரூபாய் போனது இப்படித்தான்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். மலைக்கு மேலே தேனருவி இருக்கிற குற்றாலத்தில் சாரல் சீசன் நடந்துகொண்டிருக்கிறது. எங்களை ஏமாற்றிய அதே ஆட்கள் இன்றைக்கும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதிரிப் பயணங்களில் ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன். தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

ரீல் போடுகிற தளம் ஒன்றில், ஒரே நாளில் மலையேறி அருவி பார்த்துவிட்டுத் திரும்பும் பயணங்களை ஏற்பாடு செய்யும் ஒரு பக்கம். பெயர் சொல்லவில்லை, சொன்னால் வேறு தொல்லை வரும். பின்தொடர்பவர்கள் ஏகப்பட்ட பேர். மேகமலை, கொல்லிமலை ஆகாய கங்கை என்று அழகழகான படங்கள். அதில் ஒன்று, “தேனருவி டிரெக், மதுரையிலிருந்து, ஒருவருக்கு 2,750 ரூபாய்”.

எங்கள் வீட்டில் தேனருவி என்றால் அது மாமாவின் அருவி. என் மாமனார் காலேஜ் படித்த காலத்தில் நண்பர்களோடு பேரருவிக்கு மேலே ஏறி, செண்பகாதேவி அருவியில் குளித்துவிட்டு, அங்கிருந்து தேனருவி வரைக்கும் நடந்து போனவர். பாறை இடுக்கில் தொங்கும் தேன்கூடுகள், சத்தம் காதை அடைக்கிற தண்ணீர், இதையெல்லாம் பேத்திக்குக் கதையாகச் சொல்லாத வருஷம் இல்லை. இப்போது அவருக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. நடக்க முடிகிற காலத்திலேயே ஒரு தடவை கூட்டிப் போய்விடலாம் என்று எனக்கும் என் கணவருக்கும் ஆசை. எங்கள் மகளோடு தம்பியும் அவன் மனைவியும் சேர்ந்துகொள்ள, ஆறு பேர். ஆறு பேருக்கு 16,500 ரூபாய்.

அனுமதி இருக்கிறதா என்று நான் கேட்டேன். போனிலும் கேட்டேன், வாட்ஸ்அப்பிலும் எழுதிக் கேட்டேன். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் செத்துப்போனதை மதுரைக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டோம். தீக்காயம் பட்டவர்களை எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் மலையேறுவது எப்படி முடியும் என்று தெரிந்துதான் கேட்டேன்.

அந்தப் பையன் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. “அக்கா, நீங்க கேக்குறது ரொம்ப சரி. எல்லாரும் இப்படிக் கேட்டா நாங்களும் சந்தோஷப்படுவோம். நமக்கு ஸ்பெஷல் பர்மிஷன் இருக்குக்கா” என்றான். உடனே ஒரு கடிதத்தின் படம் வந்தது. அரசு முத்திரை, பச்சை மையில் கையெழுத்து, “அனுமதி வழங்கப்படுகிறது” என்ற வரி. மேல்பாதி வெட்டப்பட்டிருந்தது. கேட்டதற்கு, “அதுல அதிகாரி நம்பர் இருக்குக்கா, வெளிய குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்று பதில். அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் இன்னும் என் காதில் கிடக்கிறது. “அப்பா வர்றாங்கன்னா கவலையே படாதீங்க. எங்க தாத்தா மாதிரி நெனச்சு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு.” ஸ்பீக்கரில் மாமாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த நிமிஷமே யுபிஐயில் பணம் அனுப்பினேன். கம்பெனி பெயரில் கணக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. “அக்கவுண்ட்ஸ் பாக்குற அண்ணன்” என்றான்.

விடிவதற்கு முன்னால் மாட்டுத்தாவணிப் பக்கம் வேன் ஏறினோம். எங்களோடு சேர்த்து வண்டி நிறைய ஆட்கள். போனில் பேசிய பையன் வரவில்லை, வேறு ஒருவன் வந்தான். சாப்பாட்டைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

பேரருவி பக்கம் இறங்கி, சிற்றருவி வழியாக மேலே போகிற பாதையில் ஏறினோம். கொஞ்ச தூரத்திலேயே வனத்துறை ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். கூட வந்தவன் போனை நீட்டி அந்தக் கடிதத்தைக் காட்டினான். காவலர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தத் தடவை மேல்பாதியும் இருந்தது. ஏதோ ஒரு கல்லூரி மாணவர்கள் அருவிப் பக்கம் பிளாஸ்டிக் பொறுக்கிச் சுத்தம் செய்ய, ஒரே ஒரு நாளுக்குக் கொடுத்த அனுமதி அது. தேதி பழசு. தேனருவி என்ற பேச்சே அதில் இல்லை!

“செண்பகாதேவிக்கே இப்ப இஷ்டத்துக்கு விடுறதில்லம்மா. சித்ரா பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போறவங்கள விடுவோம். தேனருவிக்கு ஜனங்கள விட்டுப் பல வருஷமாச்சு. வாரத்துக்கு ஒரு வண்டி இப்படி வந்து நிக்கி, நாங்கதான் திட்டு வாங்குதோம்” என்றார் அவர். மாமாவைப் பார்த்து “மன்னிச்சுக்கிடுங்க ஐயா” என்றும் சொன்னார். பணம் வாங்காத அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டார். பணம் வாங்கியவர்கள் இந்த நிமிஷம் வரை கேட்கவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது அதற்கும் அப்புறம்தான். கீழே இறங்கியதும் எங்களைக் கூட்டிவந்தவன் ரகசியமாக வந்து, “ஒரு தோட்டத்து வழியா குறுக்குப் பாதை இருக்கு, ஓடையத் தாண்டுனா போயிரலாம், ஆளுக்கு 300 ரூபா குடுங்க, வாட்ச்மேனப் பாத்துக்கிறேன்” என்கிறான். மேலே மலையில் மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே லேசான சாரல்தான் இருக்கும், மேலே கொட்டிய மழை கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையையும் அறுபத்தைந்து தாண்டிய மனிதரையும் அந்த ஓடையில் இறக்கப் பார்த்தான். பிடிபட்டால் காப்புக்காட்டில் அத்துமீறி நுழைந்த குற்றம் நம் தலையில்தான் விழும், இவன் ஓடிவிடுவான். நான் போட்ட சத்தத்தில் அந்த யோசனையை விட்டான். வண்டியில் வந்த நாலைந்து பையன்கள் போகலாம் என்றுதான் நின்றார்கள். என் தம்பி பேசிப் பேசி அவர்களைத் தடுத்தான்.

பதிலுக்கு எங்களை எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? ஒரு தனியார் தோட்டத்தில், பாறை போலப் பெயின்ட் அடித்த சிமென்ட் சுவர். மேலே குழாய். அதிலிருந்து கொட்டுகிற தண்ணீருக்குப் பெயர் அருவி. ஆளுக்கு நுழைவுக் கட்டணம் தனி! இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டிய விடுதிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இலேயே உத்தரவு போட்டது. அப்படியும் இது நடக்கிறது. மாமா வேனை விட்டு இறங்கவில்லை. “ஐந்தருவிலயாவது குளிச்சுட்டுப் போலாமா மாமா” என்று கேட்டதற்கு, “வேண்டாம்மா, வீட்டுக்குப் போவோம்” என்றார். 16,500 ரூபாயைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து பணத்துக்கு அலைகிறேன். முதலில், “இயற்கை நம்ம கையில இல்லைக்கா, தண்ணி ஜாஸ்தி, அதான் மூடிட்டாங்க.” தண்ணீர் ஜாஸ்தி என்று யாரும் மூடவில்லை, அது எப்போதுமே மூடித்தான் கிடக்கிறது என்றேன். “ரீஃபண்ட் டீம்ல பேசுறேன், ஏழு வேலை நாள் ஆகும்.” அந்த டீமில் யார் என்று கேட்டால் பதில் இல்லை. அப்புறம், “பணமாத் தர முடியாது, அடுத்த டிரிப்புக்குக் கூப்பன் தர்றோம்.” அதுவும் வேண்டாம் என்றதும் அக்கா போய் மேடம் வந்தது. “மேடம், நீங்க காசு குடுத்தது அனுபவத்துக்கு, இடத்துக்கு இல்ல. நிபந்தனைகள்ல தெளிவா இருக்கு.” நிபந்தனைகளை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்ட மறு நிமிஷம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்களுடைய பக்கத்தில் நான் போட்ட கருத்துகளை அழித்தார்கள். கட்டணத்தில் இன்சூரன்ஸும் சேர்த்தி என்றார்களே, பாலிசி எண் கொடுங்கள் என்று தம்பி கேட்டான். அவனையும் பிளாக் செய்தார்கள். அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பினால், அந்தப் பக்கம் விதிமுறை எதையும் மீறவில்லை என்று ஒரு வரிப் பதில். பொய்க் கடிதம் காட்டி 16,500 ரூபாய் வாங்கியது விதிமீறல் இல்லையாம்!

பணம் கேட்டால் இவ்வளவு நேரம் அக்கா அக்கா என்று குழைந்த குரல் எப்படி மாறுகிறது என்று நேரில் பார்த்தால்தான் புரியும். இது அவர்களுக்குப் பழகிப்போன வேலை. 16,500 ரூபாய்க்காக ஒரு குடும்பம் எவ்வளவு நாள் அலையும், கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் ஓயப் போவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் புகார்க் கட்டணம் கிடையாது.

விளக்கமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது கை ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் போகிற எந்தப் பயணத்துக்கும் அனுமதிக் கடிதத்தை முழுசாகக் கேளுங்கள், பாதி வெட்டியது வேண்டாம். அந்தந்த வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டு இடம் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். தனி ஆள் கணக்குக்கு முழுப் பணத்தையும் முன்னாடியே அனுப்பாதீர்கள். மலையேற ஆசை என்றால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ இணையதளம் இருக்கிறது, 40 வழித்தடங்களோடு ஆரம்பித்தார்கள். குரங்கணி–சாம்பலாறு மாதிரிப் பாதைகளுக்கு அதிலேயே முன்பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். தேனருவி அந்தப் பட்டியலில் இல்லை. குறுக்கு வழி என்று எவனாவது சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள், காசு போனாலும் பரவாயில்லை.

நேற்று ராத்திரி அந்தப் பக்கத்தில் புது ரீல் வந்திருக்கிறது. அதே தேனருவி, அதே 2,750 ரூபாய், “சில சீட்கள் மட்டுமே”. இந்த வாரம் போக யாராவது பணம் கட்டியிருந்தால் உடனே திருப்பிக் கேளுங்கள். ஏற்கெனவே போய் ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.