மழைக்கால பாங்காக்: ஆரஞ்சுக் கொடிப் படகை நம்பிப் பயணம் திட்டமிடலாமா?

மழைக்காலத்தில் பாங்காக் போகிறவர்கள் ஹோட்டல் பதிவு செய்யுமுன், ஊருக்குள் எதில் சுற்றப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், சுகும்வித்தின் சந்துகளிலும் லாட் பிராவ், ரட்சடாபிசேக் பக்கமும் தண்ணீர் தேங்கிவிடும். டாக்சிகள் மீட்டர் போட மறுக்கும், போட்டாலும் நகராது. அந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருப்பவை இரண்டு: ரயிலும் சாவ் பிரயா ஆற்றுப் படகும். ரயிலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படகுக்குத்தான் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

பருவம் மே நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவரை நீளும். அதிக மழை செப்டம்பரில். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பல ஆண்டுகளில் ஓர் இடைவெளி கிடைக்கும். விடுமுறையை விரும்பியபடி நகர்த்த முடிந்தவர்கள் அதைப் பிடிப்பது நல்லது. பெரும்பாலும் மழை பிற்பகலிலோ மாலையிலோ வந்து, ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். அதனால் ஆற்றங்கரை இடங்கள் எல்லாம் காலைக்கு, மால், அருங்காட்சியகம் எல்லாம் மாலைக்கு என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பாங்காக் மாநகராட்சியின் வடிகால் துறை தன் மழை ரேடார் படத்தை இணையத்தில் காட்டுகிறது. செல்பேசியில் வரும் "மழை வாய்ப்பு 70 சதவீதம்" என்பதைவிட அது பல மடங்கு உபயோகம். செப்டம்பரில் எல்லா நாளும் 70 சதவீதம்தான்.

இனி படகு. சாவ் பிரயா எக்ஸ்பிரஸ் படகுகளைக் கொடியின் நிறத்தை வைத்து அடையாளம் காண வேண்டும். ஆரஞ்சுக் கொடி எல்லா நாளும் ஓடும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், இப்போதைக்கு 16 பாட். மஞ்சள் கொடி வேலை நாட்களின் காலை, மாலை நெரிசல் நேரத்துக்கு. சில படகுத் துறைகளில் மட்டுமே நிற்கும், தெரியாமல் ஏறினால் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். நீலக் கொடி சுற்றுலாப் பயணிகளுக்கு: ஆங்கில விளக்கம், தாராளமான இடம், கூடுதல் கட்டணம். சாத்தோர்ன் துறையில் நுழைந்ததும் குரல் கொடுத்துக் கூப்பிடுவது இந்த நீலக் கொடிக் கவுன்டர்தான். ஒரே நாளில் நாலைந்து இடம் இறங்கி ஏறுகிறவர்களுக்கும் வயதானவர்களை அழைத்து வருகிறவர்களுக்கும் அதன் நாள் சீட்டு கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு ஆரஞ்சே போதும். அதே ஆறு, அதே காட்சி.

சாத்தோர்ன் துறைக்கு வருவது சுலபம். பிடிஎஸ் என்ற மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையம், இரண்டாவது வாசல், படியிறங்கினால் ஆறு. வடக்கே போகும் படகில் தா சாங் துறை அரண்மனைக்கு, தா தியன் வாட் போ கோயிலுக்கு, ராட்சவோங் சீனர் தெருவுக்கு. சாத்தோர்னிலிருந்து தா சாங்குக்கு ஏறக்குறைய அரைமணி ஆகும்.

தடுமாற்றம் எல்லாம் ஏறுகிற இடத்தில்தான். படகு முழுதாக நிற்பதில்லை. பின்பக்கம் நிற்கும் ஊழியர் விசில் அடித்து ஓட்டுநருக்குத் தூரம் சொல்ல, படகு மிதவை மேடையில் உரசி நிற்கும் சில நொடிகளுக்குள் இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறிவிட வேண்டும். மழைநாளில் மேடையின் இரும்புத் தகடும் படகின் விளிம்பும் ஒன்றாக வழுக்கும். ரப்பர் செருப்பு ஆகாது. குதிகாலில் வார் வைத்த, அடிப்பகுதியில் ஆழமான பிடிப்புள்ள செருப்பு வேண்டும். ஒரு கை எப்போதும் காலியாக இருக்கட்டும், பையை முதுகிலிருந்து மார்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாண்டாமல் ஊழியரிடம் கையைக் கொடுக்கச் சொல்லுங்கள். விரித்த குடையோடு ஏறுவது பக்கத்து ஆளின் கண்ணுக்கு ஆபத்து. பலசரக்குக் கடைகளில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் மழைச்சட்டை மேல். பின்பகுதியில் பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் மற்றவர்கள் நிற்கக் கூடாது. நடத்துநர் உருளை வடிவத் தகர டப்பாவைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு வருவார். சில்லறையோ 20 பாட் நோட்டோ கையில் இருக்கட்டும், ஆயிரம் பாட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்.

மழை பிடித்தால் பக்கவாட்டில் பிளாஸ்டிக் திரையை இறக்குவார்கள். அப்போது காட்சியும் போய்விடும், காற்றும் போய்விடும், புழுக்கம் மட்டும் மிஞ்சும். ஓர இருக்கைக்குச் சாரல் வரத்தான் செய்யும். நடுவில் உட்கார்ந்தால் நனைவது குறைவு. பின்பக்கம் எஞ்சின் இரைச்சல். இந்த விஷயத்தில் படகுக்குக் குறைந்த மதிப்பெண்தான். இடி மின்னலோடு வந்தால் துறையிலேயே காத்திருந்து விடுங்கள், ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். "படகு இன்று ஓடாது, என் படகில் வா" என்று நீள்வால் படகுக்காரர் (வாடகைக்கு ஓடும் நீண்ட மோட்டார் படகு) யாராவது சொன்னால் கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நம்புங்கள். "அரண்மனை மூடியிருக்கிறது" என்பதும் இதே ரகம்.

அக்டோபர் தனிக் கதை. மழை குறையத் தொடங்கும்போதுதான் ஆறு உச்சத்துக்கு வரும், ஏனென்றால் வடக்கே பெய்த மழை நீர் இறங்கி வர வாரங்கள் ஆகும். ஊர் கடலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், நிலமும் கடல் மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் உயரம்தான். மேலிருந்து வரும் வெள்ளமும் பௌர்ணமி, அமாவாசைக் கடல் ஏற்றமும் ஒரே நாளில் சேர்ந்தால் துறைகளுக்கு இறங்கும் பாதையில் தண்ணீர் ஏறும். சில துறைகளில் படகு நிற்காமல் போகும். பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். ஒன்று, சைநாட் மாகாணத்தில் உள்ள சாவ் பிரயா அணையிலிருந்து திறக்கும் நீர்: நொடிக்கு 2,000 கன மீட்டரைத் தாண்டிவிட்டால் பாங்காக்கிலிருந்து பலர் ஒருநாளில் போய்வரும் பழைய தலைநகர் அயுத்தயாவின் தாழ்வான பகுதிகள் நீரில் இருக்கும், அந்த ஒருநாள் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இன்னொன்று, தாய்லாந்துக் கடற்படையின் நீரியல் துறை வெளியிடும் கடல் ஏற்ற அட்டவணை. 2011 அக்டோபரில் டான் முயாங் விமான நிலையமே வெள்ளத்தில் மூடப்பட்டது. அப்போதும் நகரின் உட்பகுதி பெரும்பாலும் தப்பித்தது. ஆகவே பயணத்தையே ரத்து செய்யவேண்டிய ஆண்டுகள் அபூர்வம். இந்தப் பருவத்தில் ஆகாயத்தாமரையும் மரக்கட்டைகளும் மிதந்து வந்து புரொப்பெல்லரில் சிக்கும் என்பதால் படகு சில நிமிடம் தாமதித்தால் எரிச்சல்பட வேண்டாம்.

தங்க சபான் தக்சின் சுற்றுவட்டாரமோ சனாம் சாய் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தின் பக்கமோ சரி. காவோ சான் சாலை மலிவு, கலகலப்பு; ஆனால் பக்கத்தில் ரயில் கிடையாது. ஆரஞ்சுக் கொடி காலை 6 மணி வாக்கில் தொடங்கி மாலை 6 மணி வாக்கில் ஓய்ந்துவிடும். மழையும் அலுவலக நெரிசலும் சேரும் நேரமும் அதுவே. படகும் போய், டாக்சியும் கிடைக்காமல் அங்கே மாட்டிக்கொள்வது சகஜம். தா தியனில் இருந்தால் சனாம் சாய் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆற்றுக்கு அடியில் போகும் அந்த எம்ஆர்டி நீலத் தடத்துக்கு மழை ஒரு பொருட்டே இல்லை.

அரண்மனைக்கு முழங்கால் மறைய வேண்டும். நனைந்த ஜீன்ஸ் மாலைவரை காயாது, சீக்கிரம் காயும் தளர்வான முழுக்கால் சட்டை எடுத்துவாருங்கள். கோயில்களில் செருப்பைக் கழற்றவேண்டும் என்பதால் ஈரச் சாக்ஸ் தொல்லையும் வேண்டாம். வாட் அருண் கோயிலின் செங்குத்தான படிகளை மழை ஓய்ந்த உடனே ஏறாதீர்கள். தேங்கிய தண்ணீரில் இறங்கி நடப்பதைத் தவிர்க்க வேண்டும், சாக்கடையும் எலிக்காய்ச்சலும் அதில்தான். பகலில் கடிக்கும் டெங்கு கொசுவுக்கு மருந்து பூசிக்கொள்ளுங்கள்.

சென் சேப் கால்வாய்ப் படகு வேறு ரகம். சுற்றுலாவுக்கானது இல்லை, ஆனால் பான்ஃபாவிலிருந்து பிராதுனாமுக்கு அதைவிட வேகமாக எந்த டாக்சியும் போகாது. கால்வாய் நீர் தெறிக்காமல் ஓரத்தில் இருப்பவர்களே கயிற்றை இழுத்துத் திரையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் சட்டை நாசம். தாழ்ந்த பாலம் வந்தால் கூரையே இறங்கும். பெரிய பெட்டியோடு ஏறவே வேண்டாம்.

ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள தோன்புரி கால்வாய்களுக்கு நீள்வால் படகை வாடகைக்கு எடுப்பது செப்டம்பர், அக்டோபரில் சுமார்தான். வெள்ளக் கதவுகள் மூடியிருந்தால் மதகில் காத்திருக்க வேண்டும், சில பாலங்களுக்கு அடியில் புக முடியாது, ஒரு மணி நேரக் கட்டணத்தில் பாதி அதிலேயே கரையும். "எந்த மதகு வழி, எங்கே திரும்பும்" என்று ஏறுமுன் கேட்டுக் கட்டணம் பேசுங்கள். இரவு உணவுக் கப்பலில் மேல்தளம் பதிவு செய்தால் நனைவது உங்கள் பாடு. கீழ்த்தளத்தில் குளிர்சாதன இடம் உண்டா என்று முன்பே உறுதி செய்யுங்கள்.

மழையை மீறி வரத்தக்க நேரம் ஒன்று உண்டு. சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் நவராத்திரி விமரிசையாக நடக்கும், விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலம் புறப்படும், பக்கத்துச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். சபான் தக்சினுக்கு அடுத்த சுராசக் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். பல ஆண்டுகளில் அதே நாட்களில் சீனர்களின் ஒன்பது நாள் மரக்கறி நோன்பும் வரும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளில் முட்டை, மீன் சாறு, பூண்டு எதுவும் இருக்காது. சைவம் சாப்பிடுகிறவர்கள் தைரியமாகச் சாப்பிடலாம். ராட்சவோங் துறையில் இறங்கினால் யாவோராட் தெரு முழுக்க அந்தக் கொடிகள்தான். திரும்பும்போது இருட்டிவிடும், படகு இருக்காது, வாட் மங்கோன் எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்துவிடுங்கள்.